நாடாவில் இருந்த ஏரி

அத்தியாயம் பதினான்கு

"அம்மா, டீவி மேல வெச்சிருந்த கேசட்டு எங்க? வெறும் டப்பாதான் கீது."

சுலோச்சனா இப்படிக் கேட்டபோது சனிக்கிழமை காலை மணி ஆறரை. வேதாசலம் கூடத்துச் சுவரில் கண்ணாடியை மாட்டிவைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மகளுக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை. ஆனால் பத்து நாளாக அந்த நாலடியைத் தாண்டி ஒரு வார்த்தை போகவில்லை. போகவேண்டியதெல்லாம் அடுப்படியில் இருந்த தாயாரம்மாளைச் சுற்றிக்கொண்டுதான் போய் வந்தது.

"எனக்கு இன்னா தெரியும்? உங்க நைனாவைக் கேளு," என்றாள் தாயாரம்மாள்.

"நீயே கேளும்மா."

"இன்னாங்க, டீவி மேல இருந்த கேசட்டைப் பாத்தீங்களான்னு கேக்குது."

"எனக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? நான் பாக்கலன்னு சொல்லு."

சொல்லிவிட்டு பிளேடைக் கன்னத்தில் வைத்தவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கேசட்டில்தான் சுலோச்சனாவின் ஏரி இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு தாயாரம்மாளின் தம்பி பாண்டுரங்கன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது அக்காள் மகளுக்கென்று ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தான். நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். ரப்பர் பொத்தான்கள். அதை டீவியோடு சேர்த்தால் கம்ப்யூட்டர் என்றான். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஒயர் மாட்டினால், நாலைந்து நிமிஷம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு டீவியில் விளையாட்டு வரும். காஞ்சிபுரத்தில் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த சுலோச்சனா, மாமா கொடுத்த விளையாட்டுகளை ஒரு மாதம் ஆடினாள். அப்புறம் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தானே ஒன்று செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

அவள் செய்தது ஓர் ஏரி. அதற்கு ஐந்து மதகு. மழை பெய்யப் பெய்ய நீர் ஏறும். கரைமேல் ஒரு சின்ன ஆள் ஓடி ஓடி மதகுகளைத் திறக்கவும் மூடவும் வேண்டும். திறக்காவிட்டால் கரை உடையும். திறந்தே விட்டால் கீழே பயிர் முழுகிவிடும்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்று, வீட்டில் எழுதிய விளையாட்டுகளுக்குப் போட்டி வைத்திருந்தது. அனுப்பினாள். போன வாரம் பதில் வந்தது. விளக்கம் எழுதியது நன்றாக இருந்ததால் எட்டுப் பேரில் ஒருத்தியாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் தபாலில் வந்த கேசட் அவர்கள் மெஷினில் ஏறவில்லை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு எழும்பூர் ஹாலுக்கு வேறு நல்ல கேசட்டோடு நேரில் வரவேண்டும்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று. அந்த வேறு கேசட்தான் காணோம்.

வேதாசலம் முகத்தில் பாதி நுரையோடு எழுந்தார். உள் அறைக்குப் போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்தார். வேட்டிகளுக்கு அடியில், தினசரித் தாளில் சுற்றி, நூல் கட்டி, ஒரு கேசட் இருந்தது. மேலே அவர் கையெழுத்தில் 'பாண்டுவுக்கு' என்று எழுதியிருந்தது. நாளைக்குச் சிங்கப்பூர் போகிற ஐயங்கார்குளத்து ஆள் ஒருத்தரிடம் கொடுத்தனுப்பக் கட்டி வைத்தது.

மச்சானுக்குக் கடுதாசி எழுத அவருக்கு வராது. அதனால் மற்றவர்களைப்போல அவரும் பேசி அனுப்புவார். போன புதன்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், டேப்புக்குப் பக்கத்தில் கிடந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தார். கீச்சென்று கத்தியது. சரி, கெட்டுப்போன நாடா, பேசி அனுப்பினால் நஷ்டமில்லை என்று நினைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேசிவிட்டார்.

அந்தக் கீச்சுச் சத்தம்தான் மகளின் ஏரி என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

செய்ததைக் காட்டிலும் பெரிய பயம் வேறு ஒன்று இருந்தது. பத்து நாளைக்கு முன்னால், பெண் பார்க்க வருவதாக இருந்த தென்னேரிக்காரர்கள், 'பொண்ணு எந்நேரமும் டீவியில ஆட்டம் ஆடுதாமே' என்று சொல்லிவிட்டு வராமலே நின்றுவிட்டார்கள். அந்தக் கோபத்தில் அவர் வீடே அதிரக் கத்தினார். "இந்தப் பொட்டியைத் தூக்கி ஏரியில போட்டுட்டுத்தான் மறுவேலை!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

அப்படிச் சொன்ன மனிதன் இப்போது, 'தெரியாமல் அழித்துவிட்டேன்' என்றால் எவள் நம்புவாள்?

பெட்டியை மூடிவிடலாம். நாளைக்கு அது சிங்கப்பூர் போய்விடும். காணாமல் போனது போனதாகவே இருக்கும்.

கூடத்தில் சுலோச்சனா அலமாரியை இழுத்து நகர்த்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

வேதாசலம் நூலை அறுத்தார். வெளியே வந்து, தாயாரம்மாள் பக்கம் திரும்பாமல் நேராக மகளிடம் போய்க் கையை நீட்டினார்.

"இதானா பாரும்மா."

பத்து நாளில் முதல் வார்த்தை. சுலோச்சனா கேசட்டைப் பார்த்தாள். அதன் மூலையில் அவள் நகத்தால் கீறிவைத்த குறி இருந்தது. தாளில் எழுதியிருந்த 'பாண்டுவுக்கு' என்பதையும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போனதை வேதாசலம் கண்ணால் கண்டார்.

அவள் டீவி முன்னால் உட்கார்ந்தாள். டேப்பில் கேசட்டைப் போட்டாள். ஒயரை மாட்டினாள். கறுப்புப் பெட்டியில் இரண்டு மூன்று பொத்தான்களைத் தட்டினாள். டீவி வெள்ளையாகவே நின்றது. விளையாட்டு ஏறும்போது திரையின் ஓரத்தில் வரவேண்டிய கோடுகள் வரவில்லை. அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று.

சுலோச்சனா நாடாவைத் திருப்பி முதலிலிருந்து ஓடவிட்டு, ஒயரைப் பிடுங்கினாள். ஒயரைப் பிடுங்கினால் டேப்பின் ஒலிபெருக்கியில் சத்தம் வரும். வந்தது.

"...சேப்பு லைட்டு எரியுது, கேக்கும்னு நெனைக்கறேன். பாண்டு, இங்க எல்லாரும் நல்லா கீறோம். மாடு கண்ணு போட்டுட்ச்சி. கெடேரி..."

வேதாசலத்தின் குரல்தான்.

"நிறுத்தும்மா," என்றார் அவர்.

அவள் நிறுத்தவில்லை.

"...அப்பால, நீ குடுத்த பொட்டியால வூட்ல ஒரே பேஜாரு. சுலோ அது முன்னாடியே குந்திக்கினு கீது. நான் அன்னிக்கு ஏரியில தூக்கிப் போட்டுடுவேன்னுட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அது எங்கூட பேசறதில்ல. நானும் போய்ப் பேசல. எந்த மூஞ்சியை வெச்சிக்கினு பேசறது..."

தாயாரம்மாள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"...ஒரு நாளு கதவாண்ட நின்னு பாத்தேன்டா. டீவியில ஏரி கீது. நம்ம ஏரிதான். மதகு கீது, கலங்கல் கீது. ஒரு ஆளு ஓடறான். எப்படிரா இத்த ஒரு பொண்ணு ஒண்டியா பண்ணிச்சி? எனக்கு இன்னா பயம்னா, வரப்போறவன் இதுக்கு மதிப்பு குடுப்பானா? நான் எட்டாவதோட நின்னவன். அது எனக்கு எட்டாத இடத்துல போய் நின்னுக்கினு கீது. அத்தப் பாத்து இன்னா சொல்றதுன்னு தெரியல. கத்தத்தான் தெரியுது..."

சுலோச்சனா நாடாவை முன்னே ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்; எங்கும் அவர் குரல்தான். பொத்தானை அமுக்கினாள். குரல் நின்றது.

வேதாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. நெல் மண்டியில் நூறு பேருக்கு நடுவே எடை கூப்பிடுகிற மனிதர். தன் குரலையே கேட்க முடியாமல் கூசிப்போனார்.

"நைனா."

அவர் நிமிர்ந்தார்.

"கெடேரி கண்ணுன்னு மாமாவுக்குச் சொல்லத்தான் எடுத்தியா இத்த?"

"கத்திச்சும்மா. கெட்டுப்போன நாடான்னு நெனச்சிக்கினேன். சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம் நைனா. தெரியுது," என்றாள் சுலோச்சனா. சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு தபா பதிஞ்சி வெச்சிருந்தேன், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு. எட்டு நிமிசம். நீ பதினாலு நிமிசம் பேசிக்கீற."

"சுத்தமா அயிஞ்சி போச்சா?"

"சுத்தமா."

தோளில் ஏற்றியிருந்த மூட்டையை யாரோ இறக்கி வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது வேதாசலத்துக்கு. மகள் நம்பிவிட்டாள். ஆனால் அடுத்த நொடியே அவள் முகத்தைப் பார்த்ததும் வேறொரு மூட்டை ஏறியது.

"திரும்ப எழுத முடியாதா?"

சுலோச்சனா யோசித்தாள். பிறகு அலமாரியிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள். "கரண்டு இல்லாத நேரத்துல எல்லாம் இதுலதான் எழுதி வெச்சேன். இருநூத்திப் பன்னெண்டு வரி. நோட்டைப் பாத்து, பொட்டியைப் பாத்து, டீவியைப் பாத்து நான் ஒண்டியா அடிச்சா நாளு பூரா ஆவும். பஸ்சு பன்னெண்டு மணிக்கு."

"ஒண்டியா ஏன் அடிக்கணும்? நான் எதுக்குக் கீறேன்? மண்டியில காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் கூப்புடறேன், எழுதறவன் தலையைத் தூக்காம எழுதறான். நோட்டைக் குடு. நான் கூப்புடறேன், நீ அடி."

"இங்கிலீசு நைனா."

"எயுத்து தெரியும். எண்ணு தெரியும். அதுக்கு மேல இன்னா வேணும்?"

அவர் துண்டால் மிச்ச நுரையைத் துடைத்துக்கொண்டு டீவிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பாதி முகம் மழித்தபடி, பாதி மழிக்காதபடி.

"இருங்க, இருங்க," என்றாள் தாயாரம்மாள். "இன்னிக்கு ஒம்போது மணியிலேருந்து கரண்டு கிடையாது. கம்பத்துல மரக்கிளை வெட்றாங்களாம். நேத்தே லைன்மேன் சேட்டு சொல்லிட்டுப் போனான்."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரண்டு போனால் பெட்டிக்குள் அடித்ததெல்லாம் ஒரு நொடியில் மறைந்துபோகும்.

தாயாரம்மாள் கரண்டியை வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீங்க ஆரம்பிங்க. நான் அவனைப் பாத்துட்டு வரேன். நாஷ்டாவுக்கு இட்டிலி அண்டாவுல கீது, எடுத்துப் போட்டுக்கினு துன்னுங்க," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று தெருவில் இறங்கினாள்.

ஏழே காலுக்கு ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணு. அப்பால பி, ஓ, ஆர், டி..."

"வரியைத்தான் படிக்கற, சரி. ஆனா அந்த வார்த்தைக்கு ஒரே பொத்தான்தான் நைனா. வார்த்தை மொத்தத்துக்கும் ஒரு தட்டு."

"நான் ஆறு எயுத்து கூப்புடுவேன், நீ ஒரு தட்டு தட்டுவியா? நல்லா கீதே நாயம்!"

முதல் இருபது வரி மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூப்பிட்டார். அவள் அது என்ன வார்த்தை என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். முப்பதாவது வரிக்கு வந்தபோது வேதாசலத்துக்கு வார்த்தைகளின் முகம் பிடிபட்டுவிட்டது. எழுத்துக்கூட்டாமலே, "பிரின்ட்டு", "லெட்டு", "கோ டூ" என்று கூப்பிட ஆரம்பித்தார். எண்கள் வந்த இடத்தில் அவர் குரல் மண்டிக் குரலாகவே மாறிவிட்டது.

"இருபத்திநாலு! அறுவது! நூத்தியிருபத்தாறு! இருநூத்தியம்பத்தஞ்சு!"

"கொஞ்சம் மெதுவா நைனா, தெருவுக்குக் கேக்குது."

"கேக்கட்டும். இன்னா எண்ணு இதெல்லாம்? எதை எடை போட்டுக்கினு கீற?"

"இந்த எட்டு எண்ணு சேந்தா கரைமேல ஓடுறானே, அந்த ஆளு."

"எட்டு எண்ணுல ஒரு ஆளா?" அவர் ஒரு தடவை நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

நாற்பது வரிக்கு ஒருமுறை சுலோச்சனா நிறுத்தி, அதுவரை அடித்ததைக் கேசட்டில் பதிந்துகொண்டாள். முதல் தடவை பதியும்போது வேதாசலம் சொன்னார்: "நான் பேசனது மேலயே எடு. அது இன்னாத்துக்கு?"

"பின்பக்கம் காலியா கீது, அதுல எடுக்கறேன்," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "அது இருக்கட்டும்."

எட்டரைக்குத் தாயாரம்மாள் திரும்பினாள். வேர்த்து விறுவிறுத்து, முகத்தில் வெற்றி தெரிய வந்தாள்.

"பதினோரு மணி வரைக்கும் நம்ம தெருவைத் தொட மாட்டான். மொதல்ல மேட்டுத் தெரு லைனைப் பாக்கறானாம்."

"இன்னா சொன்ன அவன்கிட்ட?"

"எம் பொண்ணு ஏரி கட்டிக்கினு கீது, பதினோரு மணிக்கெல்லாம் முடிச்சிடும்னேன். ஒண்ணும் புரியாம கொஞ்ச நேரம் முயிச்சான். அப்பால சரிங்க அத்தைன்னுட்டான்."

வேதாசலம் சிரித்துவிட்டார். சுலோச்சனாவும் சிரித்தாள். மூவரும் ஒரே நேரத்தில் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டிருந்தது.

அப்படியும் ஒன்பதரைக்கு விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. சேட்டு வேறு எங்கோ எதையோ தொட்டிருப்பான். டீவி கறுத்து மறுபடி வெளுத்தபோது நூற்றி இருபத்தொன்றிலிருந்து நூற்றி முப்பத்தெட்டு வரை போயிருந்தது. சுலோச்சனா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு வரிதானே," என்றார் வேதாசலம். "மூட்டை சரிஞ்சா திரும்பவும் அடுக்க வேண்டிதான். நூத்தியிருவத்தொண்ணு! கூப்புடட்டுமா?"

கேசட்டில் இருந்த நூற்றி இருபதை ஏற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

அவர் தொண்டை கட்டியது. தாயாரம்மாள் சுக்குத் தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவருக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாள் இவள் டீவி முன்னால் உட்கார்ந்திருந்ததை விளையாட்டு என்று நினைத்திருந்தார். ஒரு வரியில் ஒரு புள்ளி தவறினால் பெட்டி ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு புள்ளியைத் தேடி அவள் எத்தனை நாள் இப்படிக் குனிந்து கிடந்திருப்பாள்? தானும் அவளுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் முதுகு வலிக்க உட்கார்ந்த பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு," என்று கூப்பிட்டார். "ஸ்டாப்பு. அம்மாடி. அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மணி பத்து ஐம்பது. சுலோச்சனா பதிந்துகொண்டு, ஓட்டினாள்.

மழை பெய்தது. ஏரி வந்தது. கரை வந்தது. எட்டு எண்ணில் பிறந்த ஆள் கரைமேல் வந்து நின்றான். தாயாரம்மாள் கைதட்டினாள். சுலோச்சனா அவனை ஓடவிட்டு முதல் மதகைத் திறந்தாள், நீர் இறங்கியது. இரண்டாவதைத் திறந்தாள், இறங்கியது. மூன்றாவதைத் திறந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆள் மதகின் மேலேயே நின்று குதித்தான். நீர் ஏறிக்கொண்டே போய்க் கரை உடைந்தது.

"அய்யோ," என்றாள் சுலோச்சனா. "எங்கியோ ஒரு எண்ணு தப்பு."

நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். இருநூறு வரியில் எங்கே என்று தேடுவது?

அப்போது வாசலில், "அத்தை, ஏரி கட்டியாச்சா? மணி பதினொண்ணு!" என்று குரல் கேட்டது. லைன்மேன் சேட்டு. தோளில் கயிறு, இடுப்பில் கட்டிங் பிளேயர்.

"ஒரு அஞ்சு நிமிசம்டா," என்று தாயாரம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

வேதாசலம் கண்ணை மூடினார். காலையிலிருந்து கூப்பிட்ட எண்ணையெல்லாம் திரும்ப ஒருமுறை காதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மண்டியில் தராசு முள் ஆடினால் எடையை இரண்டு தடவை கூப்பிடுவார். அது அவர் வழக்கம். இன்றைக்கு ஓரிடத்தில் முள் ஆடியது. அவர் ஒரு தடவைதான் கூப்பிட்டார்.

"நோட்டுல மை கொட்டின எடம் ஒண்ணு இருந்திச்சே, அது எந்த வரி? பதினாறுன்னு கூப்ட்டேன். அப்பவே மனசுல ஒரு சந்தேகம். பதினெட்டா இருக்குமோன்னு."

சுலோச்சனா பக்கத்தைத் திருப்பினாள். மை இருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பதினெட்டு நைனா! மூணாவது மதகு இருக்கற எடம். மூணாவது மதகேதான்!"

மாற்றினாள். ஓட்டினாள். ஆள் ஓடினான். மூன்றாவது மதகு திறந்தது. நீர் இறங்கியது. வயலில் பயிர் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கியது.

வேதாசலத்துக்கு வயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது முடியும்வரை அவர் வேறொன்றும் செய்யவில்லை.

சுலோச்சனா கேசட்டில் மூன்று தடவை பதிந்தாள். மூன்றும் ஏறுகிறதா என்று சரிபார்த்தாள். ஏறியது. அதற்குள் சேட்டு உள்ளே வந்து நின்று டீவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா இது, மெய்யாலுமே ஏரி! நான் ஒரு தபா ஓட்டிப் பாக்கட்டுமா?"

அவன் ஓட்டினான். இரண்டாவது நிமிஷத்தில் ஊரையே மூழ்கடித்தான். "இன்னொரு தபா," என்றான். மேட்டுத் தெருக்காரர்கள் அவனைத் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் எழுந்துபோனான். கொஞ்ச நேரத்தில் அவன் கையாலேயே கரண்டு போயிற்று. யாருக்கும் அது உறைக்கவில்லை.

"கெளம்புங்க," என்றாள் தாயாரம்மாள். "நான் வரல. நீங்களே இட்டுக்கினு போங்க. மொதல்ல அந்தப் பாதி மூஞ்சியை மயிச்சிக்கினு வாங்க."

வேதாசலம் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடினார். சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், சுலோச்சனா கேசட்டைக் கைப்பையில் வைப்பதைப் பார்த்துக் கேட்டார்: "போன கேசட்டு அங்க ஏன் ஏறல?"

"நம்ம டேப்பு ஒரு மாதிரி பதியுது, அவங்க டேப்பு ஒரு மாதிரி படிக்குது. நாடாவைத் தொடற முனை கொஞ்சம் வித்தியாசமா இருந்தா ஏறாது. இதுவும் ஏறுமோ என்னமோ. அதான் பயமா கீது."

"தராசு மாறினா எடை மாறத்தான் செய்யும். நம்ம தராசையே எடுத்துக்கினு போயிட்டா?"

சுலோச்சனா அவரைப் பார்த்தாள். பிறகு டேப் ரெக்கார்டரைப் பார்த்தாள். இத்தனை நாள் இது தனக்குத் தோன்றவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் சுலோச்சனா. பக்கத்தில் வேதாசலம், துண்டில் சுற்றிய டேப் ரெக்கார்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. கண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார். "இது மேல போறதில்லைங்க," என்றார் இவர்.

ஊர் பின்னால் போயிற்று. காற்று அடித்தது. வெகுநாள் கழித்து மகள் தோள் தன் தோளில் உரசுவதை உணர்ந்தபடி அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, இன்றைக்கு இது போதும் என்று இருந்தது.

"நைனா."

"இன்னாம்மா."

"ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "லெட்டரோடவே வந்திச்சி. மொத மூணு பேர் வந்தா பம்பாய்க்கு அனுப்புவாங்களாம். ஆறு மாசம். அங்க தங்கிப் படிக்கணும். முடிச்சா அவங்க கம்பெனியிலேயே வேலை."

வேதாசலம் திரும்பவில்லை. "பம்பாயா?"

"கல்யாணம் ஆவாத பொண்ணுன்னா நைனா கையெழுத்து வேணுமாம். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடுத்துடணும். கையெழுத்து இல்லன்னா விளையாட்டை மட்டும் பாப்பாங்க, பேரைச் சேக்க மாட்டாங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அதனால்தான் தாயாரம்மாள் வரவில்லை என்று இப்போது அவருக்கு விளங்கியது.

தாளை வாங்கினார். டேப் ரெக்கார்டரின் மேல் விரித்தார். இங்கிலீஷில் நிறைய எழுதியிருந்தது. அடியில் ஒரு கோடு, காலியாக. ஆறு மாதம். பம்பாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அங்கே இவளுக்கு யார் சோறு போடுவார்கள்? தென்னேரிக்காரர்கள் போகட்டும், இனிமேல் வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பேனா முனை கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

"பஸ்சு ஆடுது," என்றார். "செங்கல்பட்டுல நிக்கட்டும்."

சுலோச்சனா சரி என்று தலையாட்டினாள். ஆனால் அவள் கண் அவர் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. வேதாசலம் அதைக் கவனித்தார். பேனாவை இன்னும் மூடாமலே பிடித்துக்கொண்டிருந்தார்.